கால் எட்டாத பின்சீட்டும் கரோல் பாகும்

ஒரு பிள்ளையின் காலை டிசம்பரில் அளப்பதா, ஏப்ரலில் அளப்பதா? டெல்லிக்குப் போய்த் திரும்பிச் சில வாரங்கள் ஆகின்றன. இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே சில நேரம் இது குறுக்கே வந்து நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸை ஊரில் முடித்துக்கொண்டு, அரையாண்டு விடுமுறையின் மிச்ச நாட்களுக்கு நானும் என் மகள் ஜெனியும் டெல்லிக்குப் போனோம். ஜெனிக்கு ஏழு வயது. என் கணவர் அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். கோல் மார்க்கெட் பக்கம் குவார்ட்டர்ஸ் கிடைத்து ஒன்றரை வருடமாக அங்கே தனியாக இருக்கிறார். நான் பாளையங்கோட்டையில் ஆசிரியை. "எப்ப வர்றீங்க?" என்று அவர் போனில் கேட்பதும், "பாப்போம்" என்று நான் சொல்வதுமாகவே அந்த ஒன்றரை வருடம் ஓடிவிட்டது.

ஒரு நாள் அவர் விடவில்லை. புசா ரோட்டில் தமிழ் சொல்லிக் கொடுக்கும் பள்ளி இருக்கிறது, ஏப்ரலில் சேர்த்துவிடலாம், காலையில் டியூட்டி முடிந்து வந்து நானே வண்டியில் கொண்டு விடுகிறேன் என்றார். வாயில் வந்ததை நான் சொன்னேன்: "உங்க பைக்ல பிள்ளைக்குக் கால் எட்டாது. கால் வைக்க ஒரு இடம் பண்ணுங்க. வர்றேன்." சாக்குக்குச் சொன்னேனா, உண்மையாகவே சொன்னேனா என்று இன்றைக்குக் கேட்டால் இரண்டும்தான் என்பேன். அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

ஆக, எங்கள் டெல்லிப் பயணத்தில் செங்கோட்டை இல்லை, குதுப்மினார் இல்லை. ஒரு ஜோடி ஃபுட்ரெஸ்ட் வாங்கப் போனோம்.

ஞாயிறு மாலை போய் இறங்கினோம். சூட்கேஸைத் திறக்கும் முன்பே அவர் எங்களைக் கீழே வண்டியிடம் கூட்டிப்போனார். சக ஊழியரிடம் வாங்கிய பழைய பைக். துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். ஜெனியைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தார். அவள் கால்கள் இரண்டும் காற்றில் தொங்கின. வலது கால், சைலன்சருக்கு மேலே ஒரு சாண்கூட இல்லை.

"பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தேன், பாத்தேன். அதுக்குத்தான கடைக்குப் போறோம்."

எங்கள் ஊரில் ஜெனி என் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு வருவாள். இரண்டு கைக்குள் பிள்ளை. அவள் தலை உச்சியில் என் தாடை இடிக்கும். ஸ்கூட்டரே வாங்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி வண்டியைப் பார்த்தார். அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

ஜெனியின் சடை ரிப்பனை அவிழ்த்து, சீட்டின் விளிம்பிலிருந்து உள்ளங்கால் வரை பிடித்து, கால் வர வேண்டிய இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டேன். ஒழுங்காக அளந்துவிட்டோம் என்ற திருப்தியில் மாடி ஏறினேன். வீட்டுக்குள் போட்டிருந்த மெல்லிய பைஜாமாவோடுதான் பிள்ளை உட்கார்ந்திருந்தாள் என்பதை இந்த இடத்தில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்வீட்டு கிரேஸ் அக்கா மார்த்தாண்டத்துக்காரர். அவரும் நர்ஸ். டெல்லியில் இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் கொண்டுபோன அச்சு முறுக்கைக் கடித்துக்கொண்டே விஷயத்தைக் கேட்டார்.

"இதுக்குப் போயா பேடிக்க? எங்க பிள்ளைய சின்னதா இருக்கும்ப நாங்க ஒரே ஸ்கூட்டர்ல நாலு பேரா போயிருக்கோம், கேட்டியா. ஒண்ணும் ஆவல. அரே, டென்ஷன் மத் லோ" என்று, கவலைப்படாதே என்பதை ஹிந்தியில் சொல்லி முடித்தார்.

ஒன்றும் ஆகாதவர்கள்தானே வந்து கதை சொல்கிறார்கள் என்று நினைத்தேன். இன்னொரு அச்சு முறுக்கை நீட்டினேன்.

மறுநாள் மத்தியானம், நைட் டியூட்டி முடிந்து வந்த என் கணவர் தூங்கி எழுந்ததும் மூவரும் கரோல் பாக் போனோம். பைக்கில் மூன்று பேர் போவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன் என்பதால் ஆட்டோ. மோட்டார் சைக்கிள் சாமான்களுக்கென்றே அங்கே ஒரு சந்து. பெயர் நாய்வாலா கலி. போர்டை அப்பா படித்துக் காட்டியதும் ஜெனி, "நாய் வாலாப்பா?" என்று கேட்டு, சந்து முழுக்கச் சிரித்துக்கொண்டே நடந்தாள். சிரிக்க இடம் தாராளமாக இருந்தது. ஏனென்றால் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. ஷட்டர், ஷட்டர், ஷட்டர். டீ விற்றுக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்து, "திங்கட்கிழமை லீவு. டெல்லிக்கே தெரியுமே" என்றார்.

"டெல்லிக்கே தெரியுமாம்" என்றேன் அவரிடம். "நீங்க ஒன்றரை வருஷமா எங்க இருக்கீங்க?"

"நான் என்ன கரோல் பாக்ல கடையா வச்சிருக்கேன்?"

போனதற்கு ராம் லட்டு தின்றோம். லட்டு என்றதும் ஜெனிதான் கேட்டு வாங்கினாள். வந்தது சுடச்சுடப் பருப்பு வடை மாதிரி குட்டிக் குட்டி உருண்டை, மேலே மலை மாதிரி துருவிய முள்ளங்கி, பச்சைச் சட்னி. பிள்ளை முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஒரு வாய் வைத்தாள். "இது லட்டு இல்ல, ஆனா நல்லாருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு முக்கால் தட்டைக் காலி செய்தாள். முள்ளங்கியைச் சாம்பாரில் போட்டால் விரலால் தள்ளுகிற பிள்ளை.

திரும்பும்போது ஒரு பேட்டரி ரிக்‌ஷாவில் ஏறினோம். மேடு வந்ததும் அது மூச்சை விட்டுவிட்டது. ஓட்டுநர் இறங்கி, எங்கள் பக்கமும் திரும்பி, இறங்குங்கள் என்று கண்ணாலேயே சொன்னார். நானும் என் கணவரும் தள்ள, ஜெனி மட்டும் ராணி மாதிரி உள்ளே உட்கார்ந்து வந்தாள். மந்திர் மார்க்கில் ஒரு குரங்கு மதில் மேலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் கைகொட்டத்தான் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அதே சந்துக்குள் காலை வைக்க இடமில்லை. இரண்டு பக்கமும் கடை, நடுவில் வரிசையாக பைக்குகள். கடையில் சாமான் வாங்க வேண்டியது, வாசலிலேயே மாட்டிக்கொண்டு போக வேண்டியது. அதுதான் அங்கே வழக்கம். ஒருவர் ஹாரன் மாட்டிச் சோதிக்கிறார், பக்கத்தில் ஒருவர் சைலன்சரை முறுக்கிச் சோதிக்கிறார், நடுவில் ஒருவர் அமைதியாக சோலே குல்சா சாப்பிடுகிறார். என் கணவர் பைக்கிலும், நானும் ஜெனியும் ஆட்டோவிலுமாக வந்து சேர்ந்தோம்.

கடைக்காரர் ஒரு சர்தார்ஜி. ஃபுட்ரெஸ்ட் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன கலர்?"

ஹிந்திப் பரீட்சை மத்யமா வரை எழுதித் தேறியவள் நான். ஆனால் மத்யமாவில் ஃபுட்ரெஸ்ட் வரவில்லை. "கலர் எதுவானாலும் சரி. மடங்குமா?" என்பதை மனசுக்குள் இரண்டு தடவை ஒத்திகை பார்த்துவிட்டுக் கேட்டேன்.

கண்ணாடி மேசை மேல் ஒவ்வொன்றாகப் பரப்பினார். சிவப்பு அலுமினியத்தில் ஒரு ஜோடி, மேலே சுறா மீனின் பல் மாதிரி வரிசையாகக் கூர். என் கணவரின் கண் அதைவிட்டு நகரவில்லை. நான் என் உள்ளங்கையை அதன் மேல் அழுத்திப் பார்த்தேன். வரி வரியாகப் பதிந்தது.

"இது பிடிப்புக்குங்க பாபிஜி. ஷூ வழுக்காது" என்றார் சர்தார்ஜி.

"பிள்ளை விழுந்து முழங்கால் இதுல பட்டா?" என்று கணவரிடம் தமிழில் கேட்டேன்.

"அவ ஏன் விழுதா? விழாம இருக்கத்தான இது?"

"விழமாட்டான்னா பழசே போதுமே."

அவர் சிவப்பை மெதுவாகக் கீழே வைத்தார். அடுத்து மண்டையோடு போட்டது ஒன்று. ஜெனி அதை வேண்டாம் என்றாள், நான் பேச வேண்டியிருக்கவில்லை. அவள் கேட்டது விளக்கு எரிகிற ஜோடி. அது நீலமாக மினுக்கி மினுக்கி எரிந்தது, ஆனால் மேல்பாகம் வழவழவென்று இருந்தது. விளக்கைப் பார்த்துக்கொண்டே வழுக்கிவிடுவாள் என்றேன். இன்னொன்று நல்ல கனமான குழாய், ஆனால் வெல்டு வைக்க வேண்டுமாம், மடங்காது. வண்டி சரிந்தால் மடங்காத இரும்பு எங்கே குத்தும் என்று நான் யோசிக்க ஆரம்பித்ததுமே என் கணவர், "அது வேண்டாம், அடுத்தத காட்டுங்க" என்று சொல்லிவிட்டார். பத்து வருடக் குடித்தனம்.

கடைசியில் அலமாரியின் அடியிலிருந்து வந்தது, பார்க்க ஒன்றுமேயில்லாத கறுப்பு ஜோடி. மேலே தடித்த ரப்பர். ஓரத்தில் கால் நழுவாமல் சின்னத் தடுப்பு. மடங்கும். கூடவே ஓர் இரும்புப் பட்டை. பழைய ஃபுட்ரெஸ்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பட்டையை மாட்ட வேண்டும். பட்டையில் சாய்வாக மூன்று துளைகள். மேல் துளை கொஞ்சம் முன்னால், கீழ்த் துளை கொஞ்சம் பின்னால். பிள்ளையின் காலுக்கு எது சரியோ அதில் புதியதைப் பூட்டிக்கொள்ளலாம்.

"இதுதான்" என்றேன்.

"கறுப்பா?" என்றார் அவர், துக்க வீட்டில் கேட்பதுபோல.

கடை வாசலில் மெக்கானிக் வேலையை ஆரம்பித்தார். நான் ரிப்பனை எடுத்துக் கொடுத்தேன். முடிச்சைப் பார்த்தார், மேல் துளை என்றார், பூட்டினார். நான் ஒவ்வொரு போல்ட்டையும் காட்டி, "பையா, இது டைட்டா?" என்று கேட்டேன். மூன்றாவது தடவை அவர் ஸ்பேனரை என்னிடமே நீட்டினார். வாங்கி நானும் ஒரு முறுக்கு முறுக்கினேன். அசையவில்லை. நிம்மதியாக இருந்தது.

பழைய ஜோடியை ஒரு பழந்துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. புதியது அவ்வளவு மேலே இருக்கிறது. இனி நான் இந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் என் முழங்கால் நெஞ்சுக்கு வரும். என் கணவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு?"

"எனக்குத்தான் ஆட்டோ இருக்கே" என்றேன். துணிப் பொட்டலத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். நல்ல கனம்.

சரி, உட்கார்ந்து பார்ப்போம் என்று அவர் முன்னால் ஏறி, ஜெனியைப் பின்னால் ஏற்றினோம். முழங்கால் இரண்டும் அவர் முழங்கைக்கு வந்தன. கட்டைவிரல் நுனிதான் ரப்பரைத் தொட்டது. பிள்ளை கட்டையாக, பின்னால் சரிந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஒழுங்கா மடக்கி வை ஜெனி."

"மடங்க மாட்டேங்குதும்மா."

எப்படி மடங்கும்? குளிருக்கு உள்ளே ஒரு கம்பளிக் கால்சட்டை, அதன் மேல் டிராக் பேண்ட், அதன் மேல் ஜீன்ஸ். நான்தான் மாட்டிவிட்டேன். போதாததற்கு முன்னால் அவர் போட்டிருந்த ஜாக்கெட், மெத்தையைச் சுருட்டிக் கட்டியதுபோல. அது பிள்ளையை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளியிருந்தது. பாளையங்கோட்டையில் நாங்கள் வண்டிக்குக் கால் அளப்பதென்றால் கால் மட்டும்தான் இருக்கும். அதற்கு மேல் துணி இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

"ஜாக்கெட்டைக் கழத்துங்க" என்றேன்.

"இந்தக் குளிர்லயா?"

"ஒரு நிமிஷம்."

கழற்றினார். ஜெனி முன்னால் நகர்ந்தாள். கால் அழகாகப் பொருந்தியது. போட்டார். மறுபடி நுனிவிரல். சந்தில் போனவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். அவர் மறுபடி கழற்றி, மறுபடி போட்டார். பல் தந்தியடித்தது. ஹாரன் மாட்ட வந்தவர் என்னிடம், "ஜாக்கெட் விக்கிறீங்களா?" என்று கேட்டார்.

சர்தார்ஜி கடைக்குள்ளிருந்தே, "பாபிஜி, உங்களுக்கு ஜனவரிக்கு வேணுமா, ஜூனுக்கு வேணுமா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் எனக்கு அது சிரிப்பாகத் தெரியவில்லை. பள்ளி திறப்பது ஏப்ரலில். அப்போது ஜாக்கெட் இருக்காது. மேல் துளைதான் சரி. ஆனால் அதற்குள் பிள்ளையின் கால் வளர்ந்திருக்கும். அப்படியானால் கீழே இறக்க வேண்டும். வெயில் மேல் துளையைக் கேட்கிறது, வளர்த்தி கீழ்த் துளையைக் கேட்கிறது. எவ்வளவு வெயில், எவ்வளவு வளர்த்தி?

"இப்ப நடுத்துளையில போடுங்க" என்று என் கணவர் மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "நாளைக்கு ஓட்டிப் பாப்போம். ஏப்ரலை ஏப்ரல்ல பாப்போம்" என்றார். நடுத்துளையில் ஜெனியின் பாதம் முழுசாகப் பதிந்தது. அவள் இரண்டு காலாலும் ஊன்றி எழுந்து நின்று, உட்கார்ந்து, மறுபடி எழுந்து நின்றாள். "ம்மா, நிக்கலாம்" என்றாள். நிற்கக் கூடாது என்று அதற்கும் ஒரு விதி போட்டேன்.

புதன்கிழமை காலை பள்ளி வரை ஒத்திகை. பள்ளிக்கு லீவுதான், எங்களுக்கு அதன் வாசல் போதும். பனிமூட்டத்தில் எதிர் பிளாக் தெரியவில்லை. ஊரிலிருந்து கொண்டுபோன ரோஸ் ஹெல்மெட்டை மாட்டி, என் துப்பட்டாவால் பிள்ளையை அப்பாவோடு சேர்த்துக் கட்டினேன்.

"ம்மா, நான் என்ன பாப்பாவா?"

"ஆமா. தூங்கிரக் கூடாது. வழி பூரா பாட்டுப் பாடிக்கிட்டே போகணும். அப்பதான் நீ முழிச்சிருக்கன்னு அப்பாவுக்குத் தெரியும்."

"நீ என்னத்துக்கு இப்படிப் பயப்படுத?" என்றார் அவர். "நாலு கிலோமீட்டர். நான் தினம் போற ரோடு."

அவர்கள் கிளம்பினார்கள். நான் ஓர் ஆட்டோவில் ஏறி, மத்யமா ஹிந்தியில், "அந்த பைக் பின்னாடியே போங்க" என்றேன்.

ஓட்டுநர் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சண்டையா, பெஹன்ஜி? குழந்தையைத் தூக்கிட்டுப் போறாரா?"

"இல்ல, இல்ல. ஃபுட்ரெஸ்ட்."

"அச்சா" என்றார், ஒன்றும் புரியாமல். ஆனால் விடாமல் விரட்டினார்.

பின்னாலிருந்து பார்க்க, பனிக்குள் ரோஸ் ஹெல்மெட் ஒன்று மிதந்து போனது. கீழே இரண்டு சின்ன ஷூக்கள், கறுப்பு ரப்பர் மேல் பதிந்தபடி. பள்ளம் வந்தபோதும் அவை எழும்பவில்லை. நான் ஆட்டோவின் தரையில் பிரேக் போட்டுக்கொண்டே போனேன். ஒரு சிக்னலில் ஜெனி திரும்பி ஒரு கையை எடுத்து ஆட்டினாள். கையை எடுக்காதே என்று கத்தினேன். அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது?

அடுத்த சிக்னலில் எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் புகுந்தது. பச்சை விழுந்து பஸ் விலகியபோது பைக்கைக் காணோம். "குறுக்கு வழி தெரியும்" என்று ஓட்டுநர் எங்கேயோ திருப்பினார். பள்ளி வாசலில் இறங்கினேன். அவர்கள் இல்லை.

அவர்கள்தான் முந்தி வந்திருக்க வேண்டும். போன் செய்தேன், எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்கக் கூடாது என்று விதி போட்டதும் நான்தான். காவலாளி பூட்டிய கேட்டுக்கு உள்ளிருந்து, லீவு என்று சைகை காட்டினார். தெரியும் என்று நானும் சைகை காட்டினேன். ஆட்டோ ஓட்டுநர் போகவில்லை. "வந்துடுவாங்க, பெஹன்ஜி" என்றார். கைப்பைக்குள் அந்தப் பழைய ஃபுட்ரெஸ்ட் கனமாகக் கிடந்தது. அதை ஏன் கழற்றச் சொன்னேன், நான் ஏன் பின்னால் உட்காரவில்லை, நடுத்துளைக்கு ஏன் ஒப்புக்கொண்டேன், டெல்லிக்கே ஏன் வந்தேன் என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தேன்.

பிறகு பனிக்குள்ளிருந்து ரோஸ் ஹெல்மெட் வந்தது. நடந்து போகிறவரோடு பேசிக்கொண்டே வரலாம், அவ்வளவு மெதுவாக. வண்டி நின்றது. இரண்டு ஷூக்களும் அதே இடத்தில்.

"எங்க போயிட்டீங்க?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. "சும்மா, டிராபிக்" என்றார்.

"டிராபிக் இல்லம்மா" என்றாள் ஜெனி, துப்பட்டாவை அவிழ்த்துக்கொண்டே. "நான் பாடுனது அப்பாவுக்குக் கேக்கல. அதான் தூங்கிட்டேனோன்னு நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்தாங்க. ஒவ்வொரு தடவையும் இறங்கி என் காலைத் தொட்டுப் பாத்தாங்க. ஒரு தடவ நான் பாடிக்கிட்டுதான் இருந்தேன், அப்பவும் நிப்பாட்டிட்டாங்க."

அவர் கையுறையைக் கழற்றினார். அந்தக் குளிரிலும் உள்ளங்கை வேர்த்திருந்தது. என்னைப் பார்க்காமல் பின்சக்கரத்தை உதைத்துக் காற்று பார்த்தார். அதுவரை வண்டி விஷயத்தில் பயப்படுகிற ஆள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

"டீ குடிப்போமா?" என்றேன்.

ஆட்டோ ஓட்டுநரையும் கூப்பிட்டோம். இஞ்சி தட்டிப்போட்ட டீ, பெரிய மட்டி பிஸ்கட். ஓட்டுநர் குனிந்து பைக்கைப் பார்த்துவிட்டு, "ஓ, இதுதான் ஃபுட்ரெஸ்டா" என்றார். ஜெனி அவருக்கு அதை மடக்கிக் காட்டினாள்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதைப் படிக்கிறவர்களில் பிள்ளையை பைக்கின் பின்னால் வைத்துக் கூட்டிப்போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். ஹெல்மெட் போட்ட அப்பாவுக்கு, ஹெல்மெட் போட்ட பிள்ளை முழித்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? பாட்டு வேலைக்காகவில்லை. ஏழு வயதில் ஒரு பிள்ளையின் கால் நான்கு மாதத்தில் எவ்வளவு வளரும்? ஏப்ரலில் மேல் துளையா, நடுத்துளையா, கீழ்த் துளையா? அனுபவத்தில் தெரிந்ததை எழுதுங்கள். டெல்லிக்குப் போகலாமா, வேண்டாமா என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். மார்ச்சோடு நின்றுகொள்கிறேன் என்று என் பள்ளியில் சொல்லிவிட்டேன். எந்தத் துளை என்பதுதான் பாக்கி.